சித்தூரில் எரியும், திருப்பதியில் எரியாது

சிட்டிபாபு பிரேக் பெடலை மிதித்தார். பின்னால் சிவப்பாக எரிந்தது. காலை எடுத்தார், அணைந்தது. குனிந்து கையால் அமுக்கினார், எரிந்தது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மேலே உட்கார்ந்து, சீட்டில் இரண்டு குதி குதித்துவிட்டு மிதித்தார். அப்போதும் எரிந்தது. இதற்குமேல் ஒரு விளக்கை எப்படி விசாரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எரியுது சார்,” என்றார், திருடனைப் பிடித்தவர் குரலில்.

“எரியுது,” என்று ஹேமநாத்தும் ஒப்புக்கொண்டார். “இங்க எரியும்ணா. திருப்பதிக்குப் போனா எரியாது.”

“ஏன் சார், அங்க போனதும் அதுக்கும் மொட்ட போட்டுடறாங்களா?” என்றார் சிட்டிபாபு.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு டிரைவர்கள் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த சபீனாவும் சிரித்தாள். சிட்டிபாபு சிரிக்கவில்லை. அந்த விளக்குக்காக அந்த வண்டி அவர் கடை வாசலுக்கு வந்து நிற்பது இது மூன்றாவது முறை.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் அவர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் ஏற்றிப் போகும் டெம்போக்கள், குடிபாலா பக்கத்து டிராக்டர்கள், பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். சிட்டிபாபு கை வைத்த வண்டி அதே கோளாறுக்காகத் திரும்பி வராது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவராகச் சொல்லிக்கொண்டதில்லை. பிறர் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

ஹேமநாத் திருப்பதியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்குப் பழைய வண்டி ஆசை வந்தது. மாங்காய் மண்டி ஒன்றின் பின்புறம் சாக்கு மூட்டைகளுக்கு அடியில் கிடந்த 1984-ஆம் வருடத்து யெஸ்டி ஒன்றை வாங்கினார். இன்ஜினை வேலூரில் ஒருவரிடமும், பெயின்ட்டை சித்தூரில் ஒருவரிடமும், ஒயரிங்கை சிட்டிபாபுவிடமும் கொடுத்து, ஐந்து மாதத்துக்கு முன்னால் அதை ஓட வைத்துவிட்டார். ஓடினால் போதுமா? பதிவு காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொன்னால்தான் இந்தப் பக்கத்தில் அந்த அதிகாரியை யாருக்கும் தெரியும். திருப்பதி ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஹேமநாத் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் இன்ஸ்பெக்டர் முதலில் பின்னால் போய் நின்று பிரேக்கை மிதிக்கச் சொன்னார். விளக்கு எரியவில்லை. வேறு எதையும் பார்க்காமலேயே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாளை, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாவது முறை.

திருப்பதியில் எரியாத விளக்கை ஹேமநாத் சித்தூருக்குக் கொண்டுவருவார். கொண்டுவந்ததும் அது எரியும். எரிகிற விளக்கில் எதை ரிப்பேர் செய்வது? முதல் முறை சிட்டிபாபு பல்பை மாற்றினார். ஆறு வோல்ட் பல்பு சித்தூரில் எங்கேயும் இல்லாமல் வேலூரிலிருந்து சொல்லியனுப்பி வரவழைத்தார். இரண்டாம் முறை, பெடலோடு ஸ்பிரிங்கில் இழுபடும் ஸ்விட்சை மாற்றினார். அதற்குப் பிறகும் திருப்பதி வீட்டில் எரியவில்லை. இன்று, முன்னாலிருந்து பின்விளக்கு வரை போகும் ஒயரையே உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தார். என்ன நோய் என்று தெரியாமலேயே எல்லா மருந்தையும் கொடுத்து முடித்தாயிற்று.

இந்தக் கோளாறால் லாபம் அடைந்தவள் ஹேமநாத்தின் மனைவி தேவயானி ஒருத்திதான். அவளுக்குக் குடிபாலா தாய்வீடு. வண்டியைச் சிட்டிபாபுவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் குடிபாலாவுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார்கள்.

“இந்த லைட்டு கெட்டதுலருந்துதான்ணா எங்கம்மாவ மாசத்துக்கு ரெண்டு தபா பாக்கறேன்,” என்றாள் அவள், பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகியபடி. “ஆனா இவரு பண்ற அழும்பு இருக்குதே! காலையில ஆறு மணிக்கே கெளம்பி நிக்கறேன். இவரு தரையில உக்காந்துக்கினு இந்தக் கம்பிய மாட்டறாரு மாட்டறாரு, மாட்டிக்கினே கீறாரு. இட்லி ஆறி கல்லாப் போச்சி.”

சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வண்டியின் இடதுபக்கம் வைக்கும் சாரீ கார்டைத்தான் அவள் கம்பி என்றாள். பளபளவென்று நிக்கல் பூசிய கார்டு. சிட்டிபாபு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் சாலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

எதிர்க்கடை வாசலில் சிரஞ்சீவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். முப்பத்திரண்டு வயது. அவன் கடையில் கலர் எல்இடி பட்டைகள், ஆறு விதமாகக் கூவும் ஹாரன், ஹேண்டில் பாரில் மாட்டும் மொபைல் சார்ஜர் இவைதான் ஓடும். சிட்டிபாபு அவனை எலெக்ட்ரீஷியன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெட்டிக்கடை என்பார்.

“இன்னா மாமா,” என்று அவன் அங்கிருந்தே கத்தினான். “அந்த வண்டிக்கு உன் கடையிலயே ஒரு ரூம் போட்டுக் குடுத்துடேன்! பாவம், மாசத்துக்கு ரெண்டு தபா வந்துக்கினு போய்க்கினு கீது!”

டிரைவர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை ஹேமநாத்தும் லேசாகச் சிரித்துவிட்டார். அதுதான் சிட்டிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூடிரைவரை டீக்கடைப் பக்கமாக நீட்டினார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னொரு தபா இந்த லைட்டுக்காக இந்த வண்டி இங்க திரும்பி வந்துச்சின்னா, நானே தள்ளிக்கினு போயி அந்தப் பெட்டிக்கடையில விடறேன். விட்டுட்டு அவன்கிட்ட கை கட்டி நின்னு வேல கத்துக்கறேன். போதுமா?”

“கையெழுத்து போட்டுக் குடு மாமா!”

“என் வார்த்தைதான்டா கையெழுத்து!”

சபீனா டீ கிளாஸை அவர் பக்கத்தில் வைத்தாள். “எதுக்குண்ணா இந்த வம்பு?” என்று அவள் மெல்லச் சொன்னது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

தேவயானி ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டாள். ஹேமநாத் வண்டியைக் கிளப்பினார். முனை திரும்பும்போது பிரேக் பிடித்தார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அது மறைகிற வரைக்கும் சிட்டிபாபு பார்த்துக்கொண்டே நின்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வந்தது.

“அண்ணா,” என்றார் ஹேமநாத். அந்த ஒரு சொல்லிலேயே சிட்டிபாபுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சொல்லுங்க சார்.”

“எரியலண்ணா.”

“இன்னா சார் சொல்றீங்க? வழியில?”

“வழியெல்லாம் எரிஞ்சுது. சந்திரகிரியில டீ குடிக்க நிறுத்தினப்பகூட தேவயானிய மிதிக்கச் சொல்லிப் பாத்தேன். வீட்டு வாசல் வரைக்கும் நல்லா எரிஞ்சுது. நாளைக்கு ஆர்டிஓ ஆபீஸ் போவணுமேன்னு வண்டிய கழுவித் தொடச்சி, பாலிஷ் போட்டு வெச்சேன். இப்ப மிதிச்சா எரியல. அதுமட்டும் இல்லண்ணா.” ஹேமநாத் கொஞ்சம் தயங்கினார். “சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பிரேக்க மிதிச்சா பின்னாடி எரியல. முன்னாடி ஸ்பீடாமீட்டருக்குள்ள லேசா வெளிச்சம் வருது.”

சிட்டிபாபு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

“சார், பின்னாடி மிதிச்சா முன்னாடி எரியுமா?”

“எரியுதுண்ணா.”

“தெருவிளக்கு கண்ணாடியில பட்டு மின்னுது சார்.”

“தெருவிளக்கு பிரேக்க மிதிக்கறப்ப மட்டும் மின்னுமா?”

சிட்டிபாபு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அப்போது இருந்தது. பின்னால் எப்போதும் எரிய வேண்டிய இன்னொரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, ராத்திரி விளக்கு, அது எரிகிறதா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். எந்தக் கடைப் பையனும் கேட்பான். கோபத்தில் அவர் கேட்கவில்லை. “காலையில நானே வரேன் சார், நீங்க எதையும் தொடாதீங்க,” என்று வைத்துவிட்டார்.

“யாரு, திருப்பதி சாரா?” என்று கேட்டாள் அவர் மனைவி கிருஷ்ணம்மா, குழம்புக் கரண்டியோடு. கிரீம்ஸ்பேட்டையில் சபதம் செய்தால் அது வீட்டுக்கு வந்துசேர அரை மணி நேரம்கூட ஆகாது. “வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம் இல்ல? இன்னாயா நீ, மானம் போறதா இருந்தாலும் டீக்கடையில நாலு பேரு நடுவுலதான் போவணுமா?”

“வண்டி இங்க திரும்பி வந்தாதான் பேச்சு,” என்றார் சிட்டிபாபு சோற்றைப் பிசைந்துகொண்டே. “நானே அங்க போனா அது திரும்பி வந்ததா ஆவாது.”

கிருஷ்ணம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். குழம்பை ஊற்றினாள்.

காலை ஏழு மணிக்குப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது, கடையைத் திறந்துகொண்டிருந்த சிரஞ்சீவி பார்த்துவிட்டான்.

“எங்க மாமா, இவ்ளோ காலையில?”

“தரிசனத்துக்கு.”

“பையில இன்னா, டெஸ்ட் லேம்பா? சாமிக்கு கரென்ட் வருதான்னு பாக்கப் போறியா?”

சிட்டிபாபு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பஸ் பூதலப்பட்டு வரை நன்றாகத்தான் போனது. பாகாலா தாண்டியதும் ஒரு டிப்பர் லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெயில். டிரைவர் இறங்கிப் போய் டிப்பர்காரனோடு தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு வந்தார். வந்து பயணிகளிடம் அந்தச் சண்டையைத் தமிழில் சொன்னார். சிட்டிபாபு ஜன்னலில் தலையைச் சாய்த்து அந்த ஸ்பீடாமீட்டரையே நினைத்துக்கொண்டிருந்தார். பெடல் இருப்பது வலதுகால் பக்கம். ஸ்விட்ச் அதன் அருகில். ஒயர் போவது பின்னால். அவரே இழுத்த ஒயர், நேற்று இழுத்த ஒயர். முன்னால் வெளிச்சம் வருகிறதாம். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கண்ணும் கெட்டுவிடும் போலிருக்கிறது.

ஆர்டிஓ அலுவலக மைதானத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. மஞ்சள் வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே, வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்தது யெஸ்டி. துடைத்த பளபளப்போடு, இடுப்பு மெலிந்த பையன் மாதிரி எதையோ இழந்து நின்றது. ஹேமநாத் கர்ச்சீஃபால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாவிய போடுங்க சார்.”

சிட்டிபாபு பெடலை மிதித்தார். பின்னால் இருட்டு. இன்னொரு முறை மிதித்தார். இருட்டு. பிறகு முன்னால் குனிந்து, மீட்டர் கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் மூடி, விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே, “மிதிங்க சார்,” என்றார்.

மீட்டருக்குள் முள்ளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெளிச்சம் வந்தது. “விடுங்க.” போனது. “மிதிங்க.” வந்தது.

“நான் சொன்னேனா இல்லியா?” என்றார் ஹேமநாத், வெற்றியும் அழுகையும் கலந்து.

சிட்டிபாபு டெஸ்ட் லேம்பை எடுக்கப் பையில் கைவிட்டார். அதற்குள் முன்னால் நின்ற ஆட்டோ நகர்ந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். காக்கி உடுப்பில், கையில் டேப்லெட்டோடு, முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. வண்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

“மள்ளீ நுவ்வேனா?” மறுபடி நீதானா என்று கேட்டுவிட்டு, பழக்கம் போலப் பின்னால் போய் நிற்கப் போனவர், பாதியில் நின்று இடதுபக்கத்தைப் பார்த்தார். “சாரீ கார்டு எக்கட?”

“மேடம்?”

“சாரீ கார்டு எங்கே? பின்னால உட்கார்ற லேடீஸ் சேலை சக்கரத்துல மாட்டினா யார் பொறுப்பு?” என்று தெலுங்கில் தொடர்ந்தார். “பெட்டுகோனி ரா. மாட்டிக்கிட்டு வா. அரை மணி நேரம் தரேன். அதுக்கப்பறம்தான் லைட்டைப் பாப்பேன்.”

அடுத்த வேனுக்குப் போய்விட்டார்.

“கார்டு எங்க சார்?” என்றார் சிட்டிபாபு.

“வீட்டுல இருக்குதுண்ணா. கழட்டி வெச்சிட்டேன்.” ஹேமநாத்துக்குக் கூச்சமாக இருந்தது. “ஞாயித்துக்கிழமை காலையில பழைய வண்டிக்காரங்க நாங்க ஒரு இருவது பேரு கூடறோம். எவன் வண்டியிலயும் கார்டு கெடையாது. என் வண்டியப் பாத்துட்டு, ‘இன்னா ஹேமநாத், பால் கேன் எங்க மாட்டுவ’ன்னு கேக்கறானுங்க. அதான், தேவயானிய உக்கார வெச்சிக்கினு குடிபாலா போறப்ப மட்டும் மாட்டுவேன், வந்ததும் கழட்டிடுவேன்.”

போன் செய்த கால் மணி நேரத்தில் தேவயானி தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கால் வைக்கும் இடத்தில் பழைய துண்டில் சுற்றிய கார்டு இருந்தது.

“கழட்டாதீங்க கழட்டாதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேட்டாதானே?” என்று அதை ஹேமநாத் கையில் கொடுத்தாள். “ஊருல எவனோ சிரிக்கறான்னு என் சேலைய சக்கரத்துக்குக் குடுக்கணுமா?”

“தேவயானி, இங்க வேணாமே.”

“ஏன், இன்ஸ்பெக்டரம்மாவும் கேக்கட்டும்.”

சிட்டிபாபு தரையில் மண்டியிட்டார். கார்டுக்கு இரண்டே போல்ட். மேல் முனை பின்விளக்கு உட்காரும் பட்டையோடு மட்கார்டில் இறங்கும்; கீழ் முனை ஷாக் அப்சார்பர் போல்ட்டில். ஐந்து நிமிட வேலை. கார்டை முடித்துவிட்டு, மிச்சம் இருக்கிற பத்து நிமிடத்தில் விளக்கை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று வண்டியைச் சுற்றி வலதுபக்கம் வந்து குனிந்தார். குனியும்போது கை ஊன்ற இடம் தேடி, பெடலில் ஊன்றினார்.

விளக்கு எரிந்தது.

சிட்டிபாபு கையை எடுத்தார், அணைந்தது. அமுக்கினார், எரிந்தது. முன்னால் மீட்டர் இருட்டாக, யோக்கியமாக இருந்தது.

“வந்துருச்சி! அண்ணா, வந்துருச்சி!” என்று ஹேமநாத் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “இன்னா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல சார்.”

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் நின்றார், மிதிக்கச் சொன்னார், இரண்டு தரம் தலையை ஆட்டினார். ஹாரன், ஹெட்லைட், சேஸ் நம்பர் எல்லாவற்றையும் பார்த்து டேப்லெட்டில் தட்டினார். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். “அயிபோயிந்தி,” என்றார். முடிந்தது.

மைதானத்து ஓரத்தில் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி மூன்று பேரும் கரும்புச் சாறு குடித்தார்கள். ஹேமநாத்துக்கு முகமெல்லாம் பல்.

“என் தப்புதாண்ணா,” என்றார் அவர் தாராளமாக. “அந்தக் கார்ட கழட்டப் போயிதான் இத்தன கூத்தும். உங்கள மூணு தபா அலைய வெச்சிட்டேன். வண்டியும் கடைக்குத் திரும்பி வரல. உங்க வார்த்தையும் நின்னுபோச்சி.”

சிட்டிபாபு கார்டின் கீழ் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தப்பு தன்னுடையது என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் பேசுவார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் தேவயானி. “கம்பிய மாட்டினா எரியுது, கழட்டினா எரியல. சரி. ஆனா கம்பிக்கும் லைட்டுக்கும் இன்னா சம்பந்தம்? அதுக்குள்ள ஒயர் எதுவும் போவலியே?”

“அது எதோ டெக்னிக்கலா இருக்கும், உனக்கு எதுக்கு?” என்றார் ஹேமநாத்.

“இல்ல சார். அவங்க சரியாத்தான் கேக்கறாங்க.” சிட்டிபாபு டம்ளரைக் கீழே வைத்தார். “கரென்ட் போனா மட்டும் பத்தாதும்மா, திரும்பி வரணும். பேட்டரியிலருந்து ஒயர்ல போவுது. பல்புல எரியுது. அப்பறம் வண்டியோட இரும்பு வழியா பேட்டரிக்கே திரும்பிடுது. அந்தத் திரும்பற வழிதான் எர்த்து. இவரு வண்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சாங்க இல்ல, அது பழைய பெயின்ட் மாதிரி இல்ல. பவுடரத் தூவி அடுப்புல வெச்சி எடுக்கறது. பிளாஸ்டிக் மாதிரி தடிமனா ஒக்காரும். மட்கார்டுக்கும் சேஸுக்கும் நடுவுல இரும்புக்கு இரும்பு ஒட்டவே இல்ல. இந்தக் கார்டுல பெயின்ட் இல்ல, நிக்கல். மேல லைட்டத் தொடுது, கீழ ஷாக்க தொடுது. இத்தன நாளும் கரென்ட் இது வழியாத்தான் திரும்பிக்கினு இருந்துச்சி. இது இல்லாதப்ப வழி தேடி, பின்னாடி இருக்கற ராத்திரி லைட்டு ஒயரப் புடிச்சி, முன்னாடி மீட்டர் பல்பு வழியா எறங்கிப் போச்சி.”

“பாத்தியா, நான்தான் கழட்டி—”

“நீங்க இல்ல சார்.” சிட்டிபாபுவின் குரல் எரிச்சலாகவே வந்தது. யார் மேல் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. “சாரீ கார்டு துணியத் தடுக்கறதுக்கு. கரென்ட் குடுக்கறதுக்கு இல்ல. பெயின்ட் ஆகி வந்த வண்டிக்கு, போல்ட் ஒக்கார்ற எடத்துல இரும்பு தெரியற வரைக்கும் சொரண்டணும். இல்லன்னா லைட்டுலருந்து பேட்டரிக்குத் தனியா ஒரு ஒயர் இழுக்கணும். நான் ரெண்டும் செய்யல.”

ஏன் செய்யவில்லை என்பதும் அவருக்கு நினைவிருந்தது. மாங்காய் சீசன். பங்காருபாளையத்து டெம்போக்கள் வாசலில் வரிசையாக நின்றன. பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கி, கடைசியில் கார்டை மாட்டி, மிதித்துப் பார்த்தார். எரிந்தது. அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று முறையும் ஒயர் போகிற வழியைத்தான் தேடினார். திரும்புகிற வழியைப் பார்க்கவே இல்லை. ஸ்குரூடிரைவர் பிடித்த முதல் மாதத்தில் தெரிந்துகொள்கிற விஷயம் அது.

“ஸ்பானர எடுங்க சார்,” என்றார்.

“எதுக்குண்ணா? பாஸ் ஆயிடுச்சே!”

“பாஸ் ஆனது கார்டு. லைட்டு இன்னும் ஆவல.”

மரத்தடியிலேயே உட்கார்ந்து, கார்டைக் கழற்றி, மிதித்துக் காட்டினார். எரியவில்லை. பையிலிருந்து ஒரு கருப்பு ஒயரை எடுத்து விளக்கின் அடிப்பட்டையிலிருந்து பேட்டரி நெகடிவுக்கு இழுத்தார். மிதித்தார். எரிந்தது. கார்டு தரையில் துண்டின் மேல் கிடந்தது. ஹேமநாத் தேவயானியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து அதை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

சிட்டிபாபு சித்தூரில் இறங்கியபோது மணி நான்கு. வெயில் இன்னும் தணியவில்லை. தன் கடைப் பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தார்.

“மாமா, தரிசனம் ஆச்சா?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. டீக்கடை பெஞ்சில் நேற்றைய டிரைவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். வேறு இரண்டு பேர் புதிது. “லைட்டு எரிஞ்சிச்சா, அணைஞ்சிச்சா?”

எரிந்தது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. பொய்யும் இல்லை. வண்டி திரும்பி வரவும் இல்லை. திருப்பதியிலிருந்து பஸ்ஸில் அறுபத்தைந்து கிலோமீட்டரும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் தயார் செய்துகொண்டு வந்தார்.

சாவியை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார்.

“எர்த்து,” என்றார் சிரஞ்சீவியின் கடை வாசலில் நின்று, டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி. “எர்த்து குடுக்காம விட்டுட்டேன். சாரீ கார்டு வழியா எரிஞ்சிக்கினு இருந்துச்சி. அவரு கழட்டறப்பல்லாம் போயிடுச்சி. தப்பு அவரோடது இல்ல. என்னோடது.”

சிரஞ்சீவிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவன் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது.

“எர்த்தா? மாமா, நீயா? எர்த்தா?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சபீனாக்கா, கேட்டியா? மூணு தபாவா ஒயர மாத்தறாரு, பல்ப மாத்தறாரு, வேலூருக்கு ஆள் அனுப்பறாரு…”

“கேட்டுது, கேட்டுது,” என்றாள் சபீனா. “சிரிச்சது போதும், கடைக்கு ஆளு வந்து நிக்கறாங்க பாரு.”

“நிக்கட்டும். நமக்கு இன்னிக்கு ஒரு ஸ்டூடன்ட் வந்திருக்காரு.” சிரஞ்சீவி தொண்டையைச் செருமினான். “கை கட்டு மாமா.”

பெஞ்சிலிருந்த ஒரு டிரைவர், “விடுடா, பெரியவரு,” என்றார்.

“நான் சொன்னேனா? அவரே சொன்னது.”

சிட்டிபாபு கையைக் கட்டிக்கொண்டார்.

வேலை ஒரு ஸ்கூட்டருக்கு நீல நிற எல்இடி பட்டை ஒட்டுவது. சிரஞ்சீவி வண்டியோடு வந்த கம்பெனி ஒயரின் நடுவில் பிளேடால் கீறினான். ஒயரின் உள்கம்பிகளில் மூன்று அறுந்தன. சிட்டிபாபு பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். சிரஞ்சீவி புது ஒயரை அதன்மேல் வளைத்து இரண்டு சுற்றுச் சுற்றி விரலால் நசுக்கினான். சால்டர் ஈயத்தால் பற்றவைக்கவும் இல்லை, முறுக்கவும் இல்லை. சிட்டிபாபுவின் தாடை அசைந்தது.

“டவுட்டு எதுனா கீதா மாமா?”

“இல்ல.”

“கேட்டு கத்துக்கணும். கூச்சப்படக் கூடாது.”

“இல்லடா. நீ பண்ணு.”

அடுத்து அவன் மேஜை டிராயரில் தேடி ஒரு செல்லோடேப் சுருளை எடுத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுகிற செல்லோடேப். சிட்டிபாபு கட்டிய கையில் ஒன்றை மட்டும் விடுவித்து, தோள் பைக்குள் விட்டு, கருப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை எடுத்தார். எதுவும் சொல்லாமல் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தார்.

சிரஞ்சீவி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஓரமாக நகர்த்தி வைத்தான். பிறகு பல்லால் செல்லோடேப்பைக் கடித்து இழுத்தான்.

சிட்டிபாபு மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்.